வயதைப் பார்ப்பதா, வம்சத்தைப் பார்ப்பதா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு எந்த வயதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கேட்போருக்கு 45 என்று ஒரே வார்த்தையில் விடை சொல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. இந்த எண் அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்நாட்டின் புற்றுநோய்ச் சங்கம் 2018-லும், நோய்த் தடுப்பு விஷயங்களில் ஆலோசனை கூறும் நிபுணர் குழு 2021-லும், ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களிடையே இந்த வியாதி பெருகி வருவதைக் கண்டு, அதுவரை 50 ஆக இருந்த எல்லையை ஐந்தாண்டு கீழே இறக்கின. ஜப்பானில் 1992 முதல் 40 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மலப் பரிசோதனை நடக்கிறது. இங்கிலாந்திலோ 50 வயதில் தொடங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை அதற்கான குப்பி தபாலில் வீடு தேடி வருகிறது. மனித சரீரம் ஒன்றாக இருக்கக் கணக்கு மட்டும் தேசத்துக்குத் தேசம் மாறுகிறதென்றால், அந்த எண் இயற்கை விதித்த வரம்பு அன்று; நோயின் பரவலையும், வைத்தியர்களின் தொகையையும், கஜானாவின் இருப்பையும் சீர்தூக்கி அந்தந்த நாட்டார் செய்துகொண்ட ஏற்பாடே என்பது விளங்கும்.

நம் நாட்டில் 30 வயதைக் கடந்தவர்களுக்கென வகுத்த அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றிருக்கின்றன. மேலை நாடுகளை நோக்கப் பெருங்குடல் நோய் இங்கே குறைவு. ஆதலின் அதைச் சேர்க்காததைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. 45-ஆவது பிறந்தநாள் வந்ததும் ஊரார் அனைவரும், குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயமும் அன்று. எனக்குள்ள அச்சம் வேறு: இந்த எண்ணே சிலருக்குப் பொய்யான அபயம் அளித்துவிடுகிறது.

முன்பரிசோதனை என்பது ஒரு குறையும் உணராதவர்களுக்காக ஏற்பட்டது. மலத்தோடு இரத்தம் போகிறவரும், காரணமின்றி மெலிந்து சோகை பிடித்தவரும், பல வாரங்களாக மலங்கழிக்கும் முறையே மாறிப்போனவரும் அந்த வயதுக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்கள் முப்பதிலும் வைத்தியரிடம் போக வேண்டியவர்களே. நம்மவர்களோ இரத்தத்தைக் கண்டதும் மூலம் என்று தாமே நிர்ணயம் செய்து, உடம்புச் சூடு என்று மோரும் வெந்தயமும் எண்ணெய்க் குளியலுமாக மாதங்களைப் போக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மைதான்; ஆனால் மூலம் உள்ளவருக்குப் புற்று வராது என்ற நியதி எதுவும் இல்லை.

அடுத்தது வம்சம். பெற்றோர், உடன்பிறந்தார், பெற்ற மக்கள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, இவ்விரண்டில் எது முந்துகிறதோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான விதி. தந்தைக்கு 44-இல் கண்டதென்றால் மகனுக்கும் மகளுக்கும் 34. லிஞ்ச் என்னும் பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் இருபதுகளிலேயே தொடங்குகிறார்கள். செவ்வாய் தோஷம் முதற்கொண்டு ஒன்று விடாமல் விசாரித்துச் சம்பந்தம் பேசுகிற நாம், பாட்டனார் எதனால் இறந்தார் என்று கேட்டால், வயிற்று வலி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அந்த வலிக்கு ஆஸ்பத்திரியில் என்ன பெயர் சொன்னார்கள் என்பது ஒரு அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ தெரிந்திருக்கும்; கேட்பாரில்லை.

அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் விஷயம் இங்கே நினைக்கத்தக்கது. 1984-லேயே அவர் குடலில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி ஒன்று காணப்பட்டது. 1985 மார்ச்சில் இன்னொன்றும், மலத்தில் இரத்தத்தின் சுவடும் தெரியவந்தன. ஆயினும் பெருங்குடல் முழுவதையும் குழாய் செலுத்திப் பார்த்தது அவ்வாண்டு ஜூலையில்தான். அப்போதுதான் குடலின் தொடக்கப் பகுதியில் பெரியதொரு கட்டி இருந்தது புலப்பட்டது. மறுநாளே அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி புற்று என்று உறுதியாயிற்று. அவருடைய தமையனாருக்கும் அதே கோடையில் அதே நோய்க்குச் சிகிச்சை நடந்தது. உலகிலேயே மிகுதியான வைத்தியர்கள் சூழ்ந்த மனிதருக்கே இத்தனை தாமதம் நேர்ந்ததென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் அவர் 93 வயது வரை வாழ்ந்தார்.

இந்த நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. பாலிப் புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு பிடிக்கிறது. இடையில் அதைக் கண்டு எடுத்துவிட்டால் நோயே தோன்றாமல் தடுக்கலாம். ஒருமுறை பார்த்துக் குடல் சுத்தமாக இருந்தால், சாதாரண நிலையிலுள்ளவர் அடுத்த பத்தாண்டு அதை நினைக்க வேண்டியதில்லை என்று சொல்வது இதனால்தான். முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்துக்கு அஞ்சுகிறவரும், செலவுக்கு அஞ்சுகிறவரும், கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும் மலப் பரிசோதனையை ஆண்டுக்கொருமுறை செய்துகொள்ளலாம். அதில் இரத்தம் தெரிந்தால் மட்டும் கொலோனோஸ்கோபியைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

எங்கே நிறுத்துவது என்பதையும் கேட்க வேண்டும். எண்பது கடந்த தகப்பனாரைப் பிள்ளைகள் பாசத்தினால் முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதைக் காண்கிறோம். 76 வயதுக்கு மேல் அவரவர் உடல்நிலையையும் விருப்பத்தையும் பார்த்து முடிவு செய்யும்படியும், 85-க்கு மேல் வேண்டாம் என்றும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே சொல்கிறது. பத்தாண்டு கழித்து வரக்கூடிய நோயைத் தேடி, இன்றைக்கு அம்முதியவரைப் பட்டினி போட்டு, பேதி மருந்து கொடுத்து அலைக்கழிப்பதற்கு முன்னால், அவருடைய சம்மதத்தையாவது கேட்டிருக்கலாம்.