பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரிதான்

வார இறுதி வந்தால் புதுச்சேரிக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் தெரிய ஒரு படம், மாலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை. அத்தோடு ஊர் பார்த்தாயிற்று என்று வண்டியேறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விளம்பரங்கள் காட்டுவதே அந்த நாலைந்து தெருக்களைத்தான்.

ஒயிட் டவுனுக்கு மேற்கே ஓடும் பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் வாழ்ந்த பகுதி. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழ்த்தளத்தில் நம் வீடுகளுக்கே உரிய மரத்தூண்கள். மாடியில் பிரெஞ்சு பாணித் தூண்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், நடந்த சண்டை, கவர்னர் மாளிகைப் பேச்சு என எல்லாம் அதில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை ஒரு தமிழரின் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

வைசியாள் வீதியில் திண்ணைக்கு முன்னால் தெருவை ஒட்டித் தாழ்வாரம் இறக்கிய வீடுகளைக் காணலாம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம்விட்டுக் கட்டிய வீடுகள் அவை. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த இல்லம் உள்ளது. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்த காலத்தில்தான் ‘பாஞ்சாலி சபத’மும் ‘குயில் பாட்டு’ம் பிறந்தன.

அரிக்கமேட்டுக்கு ஊரிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர்தான். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலிய மண்பாண்டங்களும் மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் இங்கேயே செய்யப்பட்டதற்குத் தடயங்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் வருவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியோடு வணிகம் செய்த துறைமுகம், பயணியின் பட்டியலில் கடைசியில்கூட இல்லை என்பது பெரிய அநியாயம்.

2014 மழையில் இடிந்து விழுந்த கடற்கரை மேரி கட்டடத்தை, அதாவது பழைய நகராட்சிக் கட்டடத்தை, அதன் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள். பாராட்ட வேண்டிய வேலை. அதே அக்கறை வாய்க்காலுக்கு மேற்கேயும் வேண்டும். பழைய தமிழ் வீட்டைப் பழுதுபார்க்க முன்வரும் உரிமையாளருக்கு அரசு பணம் தந்து உதவட்டும். விவரம் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் அந்தத் தெருக்களில் பயணிகளை நடத்திக் கூட்டிப் போகட்டும். சுற்றுலாப் பேருந்துகள் காலையில் முதலில் அரிக்கமேட்டில் நிற்கட்டும். ஒயிட் டவுனுக்கு மாலைவரை நேரம் இருக்கிறது.