பயிற்சி மட்டும் போதுமா?

காரவள்ளி அடிவாரத்தினின்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் வல்வில் ஓரியின் கொல்லிமலை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் மொழியால் தமிழரே. மலைவாழ்நர் என்பதே அப்பெயரின் பொருள். அவர்தம் பிள்ளைகள் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தமிழ்வழியே பயில்கின்றனர்.

அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் மருத்துவக் கல்வியிலும், 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்கல்விகளிலும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு வந்தது. நுழைவுத்தேர்வுப் பயிற்சியும் அரசின் செலவிலேயே நடைபெறுகின்றது. நன்று, பாராட்டுக்குரியது.

ஆயின், அத்தேர்வு எம்மொழியில்? இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிற் சேர இரு தேர்வுகள் உள. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் 2021 முதல் தமிழிலும் கிடைக்கின்றது. அதில் தேறியோர் எழுதும் மேல்நிலைத் தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடத்தப்படுகின்றது. இந்தி பேசும் சிற்றூர் மாணவன் தாய்மொழியில் வினாவைப் படிக்கின்றான். கொல்லிமலை மாணவியோ, கணக்கை அறிந்திருந்தும் வினாவின் மொழியோடு பொருதுகின்றாள். பாடத்திற்குரிய பயிற்சிப் பொழுதை ஆங்கிலம் தின்கின்றது.

முதல் வாயிலில் தமிழை ஏற்றோர்க்கு இரண்டாம் வாயிலில் ஏற்கத் தடை யாது? 13 மொழிகளில் முதல்நிலைத் தேர்வை நடத்தும் நடுவணரசுக்கு இஃது அரிய செயலன்று. மேல்நிலைத் தேர்வையும் தமிழில் நடத்துகவெனத் தமிழக அரசு வலியுறுத்துதல் வேண்டும். தமிழ்மக்கள் ஓயாது கேட்டல் வேண்டும்.

கைபிடித்து அழைத்து வந்து கதவடைப்பது கொடையாகாது. ஓரியின் மலைமக்கள் கேட்பது இரக்கமன்று. தம் மொழியில் வினவப்படும் உரிமையே!