அறியாதவருக்கு இட்ட கையொப்பம்



ஒரு குடும்பம் வேலை நிமித்தம் கோவையை விட்டு வேறு ஊருக்குச் செல்லும்போது, அங்குள்ள சபைக்கு ஓர் அறிமுகக் கடிதம் கேட்டு வாங்கிச் செல்வது வழக்கம். கடிதம் மூன்றே வரிகள்தாம். ஆயினும் கையொப்பமிடுமுன் நான் சற்று நிதானிப்பேன். அந்த வரிகளை நம்பித்தான் முகமறியாத ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறக்கப்போகிறார். பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்னும் சகோதரியை அறிமுகம் செய்கிறார். அவளைத் தாம் அறிந்திருந்தபடியால் எழுதினார்.

இப்படி நிதானிக்கிற நான், 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில், யாரென்றே அறியாத ஒருவருக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆலயம் பூட்டியிருந்தது. இணையவழி ஆராதனைக்குக் கேமராவும் மைக்கும் வேண்டியிருந்தன. இந்த வாரச் சிந்தனைப் பக்கத்தில் விளம்பரம் வைத்தால் செலவில் கொஞ்சம் ஈடுகட்டலாம் என்றார் சபை வாலிபர் ஒருவர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், நானும் சம்மதித்தேன். மூன்றாம் வாரம் ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். ஆன்லைன் ரம்மியில் மனைவியின் நகைகளை இழந்து, சில மாதங்களாக அதைவிட்டு விலகியிருந்தவர் அவர். "ஐயா, உங்க தியானத்துக்குக் கீழயே ரம்மி வருதுங்க. நான் தொடலைங்க. சொல்லிப்போடலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றார்.

அன்றே விளம்பரங்களை நீக்கினோம். அதுவரை சேர்ந்திருந்த தொகை நூறு ரூபாயைக்கூட எட்டவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று பிறகு விசாரித்தேன். விளம்பர வலையமைப்பில் சேர்கிறவர் தம் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டுக்கொடுக்கிறார். வாசகர் பக்கத்தைத் திறக்கும் கணத்தில் அந்த இடம் ஏலத்துக்கு வருகிறது. பெரும்பாலும் அதிகம் கேட்டவரின் விளம்பரம் தோன்றுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். எழுதியவருக்கோ தம் எழுத்தின் பக்கத்தில் யார் அமர்ந்தார் என்பதே தெரியாது. நம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். அதுவும் மறைவான பேரமே. ஆனால் தரகர் ஊரறிந்த மனிதர். காளை சரியில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். இங்கே எந்த வாசலில் போய் நிற்பது?

எழுதுகிறவர் ஒருவரையொருவர் உலகுக்குக் காட்டிக்கொள்ள வேறொரு வழியும் தமிழில் இருந்தது. அதைத் தொடங்கி வைத்தவர் நம் கோவைக்காரர் என்பது இன்றைய இளையோர் பலருக்குத் தெரியாது. காசி ஆறுமுகம் 2004இல் 'தமிழ்மணம்' என்னும் திரட்டியை உருவாக்கினார். எங்கோ ஒரு மூலையில் தனியாக எழுதிக்கொண்டிருந்தவரின் புதிய இடுகை அதன் முகப்பில் வந்து நிற்கும். அங்கிருந்து வாசகர் அவரைத் தேடிச் செல்வார். வாரம் ஒருவர் நட்சத்திரப் பதிவராக முன்னிறுத்தப்பட்டார். 'வலைச்சரம்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே வாரம் ஒருவர் ஆசிரியர் பொறுப்பேற்று, தாம் வாசித்த பிறருடைய பதிவுகளை அறிமுகம் செய்வார். இப்படி எழுத்தால் மட்டும் அறிமுகமானவர்கள் 2009 டிசம்பரில் ஈரோட்டில் நேரிலும் கூடினார்கள். கூகுளின் ஆட்சென்ஸ் 2003இலேயே வந்துவிட்டது. தமிழுக்கு அது இடமளித்தது 2018இல்தான். அதுவரை, அந்த வழியாகத் தமிழ்ப் பதிவுக்குக் காசு கிடையாது. ஆகவே ஒருவருக்கொருவர் கொடுக்க முடிந்தது அறிமுகம் ஒன்றே.

ஆனால் அக்காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. திரட்டியில் வாக்களிக்கும் வசதி வந்தது. உடனே ஓட்டுக்கு ஓட்டு, மறுமொழிக்கு மறுமொழி என்னும் கணக்கும் வந்தது. பதிவர்களே அதை 'மொய்' என்று கேலியாக அழைத்தார்கள். பொருத்தமான பெயர்! மண்டப வாசலில் நோட்டு வைத்து எழுதுகிறோம். வைத்தவர் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திருப்பி வைக்கிறோம். உறவுக்கு அது முறையாக இருக்கலாம். நல்ல எழுத்தைச் சுட்டிக்காட்டுவதற்கு அது முறையன்று. படிக்காமலே பாராட்டியவரின் வார்த்தையை நம்பிப் போன வாசகர்தான் அங்கே ஏமாந்தவர்.

விருந்து செய்தால் திருப்பி அழைக்கக்கூடியவர்களை அன்று, பதில் செய்ய இயலாதவர்களை அழைக்கும்படி ஆண்டவர் கற்பித்ததை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அறிமுகம் செய்வதற்கும் அதுவே அளவுகோல் என்று நான் நினைக்கிறேன். திருப்பிச் செய்ய முடியாதவரை அறிமுகம் செய்யும்போது, சொல்கிறவருக்கு உண்மையைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை.

எழுதிப் பிழைப்பவர் விளம்பரம் வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. உழைப்புக்குக் கூலி நியாயமே. தாம் அறிந்த கடைக்காரரின் பெயரை, இது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லிப் போடுகிறவர் மீது எனக்குக் குறையில்லை. யார் வந்து அமர்வார் என்று தெரியாத இடத்தை விற்பதும், படிக்காததைப் புகழ்வதுமே என்னை உறுத்துகின்றன. இரண்டிலும் நம்மை நம்பியவரின் நம்பிக்கையையே விலைபேசுகிறோம்.

திரட்டிகளின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பழக்கம் முடியவில்லை. என் சேனலை நீங்கள் சப்ஸ்கிரைப் செய்யுங்கள், உங்களுடையதை நான் செய்கிறேன் என்கிறோம். முழுதும் பார்க்காத காணொளியை வாட்ஸ்அப்பில் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். அதுவும் நம் பெயரில் செல்லும் அறிமுகக் கடிதமே, பிரியமானவர்களே.

இந்த வாரம் ஒன்று செய்வோம். அனுப்புமுன் முழுதும் வாசிப்போம். நமக்குத் திருப்பி எதுவும் செய்ய இயலாத, நன்றாக எழுதுகிற ஒருவரையேனும் நான்கு பேருக்கு அறிமுகம் செய்வோம்.

அந்தச் சகோதரர் இன்றும் இப்பக்கத்தை வாசிக்கிறார். அவர் வாசிக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு நான் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பை மறவாதிருக்க ஆண்டவர் எனக்கும் உங்களுக்கும் கிருபை அருள்வாராக. ஆமென்.