ஐர்லாந்தின் ஏழை விடுதிகள்

ஐர்லாந்து தேசத்துப் பட்டணங்களை வருணிப்பவர்கள் மாதா கோயில்களின் கோபுரங்களையும் நீதிஸ்தலங்களின் தூண்களையும் புகழ்ந்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அவற்றின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தேசத்தில் எழுந்த கட்டடங்களுள் நாம் முக்கியமாகக் கருதுபவை, ஊர்ப்புறத்தில் ஒதுங்கி நின்ற ஏழை விடுதிகளையே.

1838-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஐர்லாந்துக்கென ஓர் ஏழைகள் சட்டம் இயற்றிற்று. தேசத்தை 130 வட்டாரங்களாக வகுத்து, வட்டாரத்துக்கு ஒரு விடுதி கட்டினார்கள். அத்தனைக்கும் அமைப்பை வகுத்தவர் ஜார்ஜ் வில்கின்ஸன் என்னும் ஆங்கிலேயர். வெளியிலிருந்து நோக்கினால் கூரிய முகப்புக்களோடு கூடிய கல் மாளிகை. உள்ளே சென்றால் பூச்சற்ற சுவரில் சுண்ணாம்பு வெள்ளை. மாடியில் கட்டில் கிடையாது. நடுவே நடைவழி, இருபுறமும் பலகை மேடை, அதன்மேல் வைக்கோல் மெத்தை. குடும்பம் முழுவதும் வந்தாலன்றி அநுமதி இல்லை. வந்தபின்போ புருஷன் ஒரு முற்றம், மனைவி ஒரு முற்றம், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வெவ்வேறு முற்றங்கள். இடையில் உயர்ந்த மதில்.

வில்கின்ஸனுக்கு அழகு தெரியாது என்று எண்ண வேண்டாம். 1859-ல் டப்ளினில் திறக்கப்பட்ட ஹார்கோர்ட் தெரு ரயில் நிலையத்தின் கம்பீரமான தூண்வரிசையும் அவர் கைவேலையே. விடுதிகளின் வறட்சி அறியாமையால் நேர்ந்ததன்று. வேறு போக்கு உள்ள எவனும் வாசற்படி மிதிக்கக் கூசவேண்டும் என்பதே உத்தரவு. அந்த உத்தரவைத்தான் அவர் கல்லில் கட்டிக் கொடுத்தார்.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. கூசியவர்களும் வந்து வாசலில் நின்றார்கள். 1847-ல் மற்றொரு விதி: கால் ஏக்கருக்கு, அதாவது நம் கணக்கில் 25 சென்டுக்கு, மேற்பட்ட நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி இல்லை. உயிரா, நிலமா என்று குடியானவனைக் கேட்ட சட்டம் அது! இடம் போதாமல் பின்னும் 33 வட்டாரங்கள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்றான போர்ட்டும்னாவில் விடுதி திறந்தது 1852-ல். அதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் கப்பலேறினர்.

1920 முதல் 1923 வரை நடந்த போராட்டங்களில் பல விடுதிகள் தீக்கிரையாயின. சில ஆஸ்பத்திரிகளாயின. எஞ்சியவற்றையும் இடித்துவிடலாம் என்போரின் மனவேதனை நமக்குப் புரிகிறது. யோசனையை மட்டும் நாம் ஏற்கமாட்டோம். போர்ட்டும்னாவிலும், வடக்கே டனிகால் ஜில்லாவின் டன்ஃபனகியிலும் இவை இன்று ஜனங்களின் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. செப்பனிடுவோர் கூரையைக் காக்கட்டும். சுவருக்குப் பூச்சு மட்டும் பூசாதிருக்கட்டும்.