மலை இறங்கும் லாரியும் சேசிஸ் நம்பரும்

1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது மாதேஸ்வரன் மலை. அமாவாசை தோறும் மேட்டூர், பாலாறு வழியாகவும் கொள்ளேகால், ஹனூர் வழியாகவும் வண்டிகள் அங்கே ஏறுகின்றன. சரக்கு லாரிகளும் அதே பாதையில்தான். ஏறுவது எஞ்சினின் பாடு. இறங்குவது பிரேக்கின் பாடு. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும். நல்ல டிரைவர் சின்ன கியரில் இறங்கி இதைத் தவிர்த்துவிடுவார். ஆனால் மாட்டியிருக்கும் லைனிங்கே அந்த வண்டிக்குரியது இல்லையென்றால் அவர்தான் என்ன செய்வார்?

லாரி வைத்திருக்கும் நம்மவர் பலர் உதிரிபாகம் வாங்கும் முறை நாம் அறிந்ததே. பழையதைக் கழற்றித் துணியில் சுற்றிக் கடைக்குக் கொடுத்தனுப்பி, "இதே மாதிரி ஒண்ணு" என்பார்கள். ஒரே பெயரில் விற்ற லாரியிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறுகின்றன. எந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்பதற்குச் சரியான சாட்சி சேசிஸில் பொறித்த எண்தான். எப்.சி. காட்டும்போது பென்சிலால் தேய்த்து அச்செடுக்கிறோமே, அதே எண். மொத்தம் 17 இடங்கள். முதல் மூன்றும் தயாரிப்பாளரைச் சொல்லும்: டாடா என்றால் எம்.ஏ.டி., அசோக் லேலண்ட் என்றால் எம்.பி.1. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. எனவே ஓ போலத் தெரிவது பூஜ்யம், ஐ போலத் தெரிவது ஒன்று. போனில் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பில்லும் கேட்டு வாங்க வேண்டும். முக்கியப் பாதுகாப்புப் பாகம் என மத்திய அரசு அறிவித்த பாகத்தைத் தரமில்லாமல் விற்றால், 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி ஓராண்டு வரை சிறையோ, பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. பில் இல்லாதவர் எதைக் காட்டிப் புகார் செய்வார்?

அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது. வண்டியின் தயாரிப்பிலேயே குறை இருந்தால் கம்பெனி அதைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தர வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உரிமையாளரே மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் புகாரைப் பதியலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கனரக லாரியானால் ஓராண்டில் விற்றவற்றில் நூற்றுக்கு மூன்று வண்டிகளுக்காவது புகார் வர வேண்டும். வண்டிக்கு ஏழு வயதும் தாண்டியிருக்கக் கூடாது. புது லாரி வாங்கும் பெரிய முதலாளிக்கு இது போதும். இரண்டாம் கை, மூன்றாம் கை லாரியை வாங்கி ஓட்டும் நம் குடும்பங்களுக்கு? பிரேக், ஸ்டியரிங் இரண்டுக்குமாவது இந்த வயது வரம்பை நீக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் பக்கத்துக் குறையையும் பேசியாக வேண்டும். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ வாங்கிய லாரியைப் பழைய முதலாளி பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவும் கட்டாயம். என்.ஓ.சி., வரி, அலைச்சல் என்று தள்ளிப்போடுவது புரிகிறது. ஆனால் வண்டியில் குறை இருக்கிறது, கொண்டுவாருங்கள் என்று கம்பெனி எழுதும் கடிதம் ஆர்.சி.யில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். அங்கே அதைப் பிரிப்பவருக்கு இப்போது லாரியே இல்லை. இங்கே நம் பையன் அதே லாரியில் மலை இறங்கிக்கொண்டிருப்பான்.

மாதம் ஒரு ஞாயிறு, கன்னடமும் கணினியும் தெரிந்த இளைஞர் இருவரைச் சங்கம் உட்காரவைத்தால் பெயர் மாற்ற மனுவும் புகாரும் அங்கேயே எழுதிவிடலாம். லாரி வைத்திருப்போர் ஆர்.சி., பில்கள், குறை தெரிந்த தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர் ஆகியவற்றுடன் வந்தால் போதும். சேசிஸ் நம்பரை மட்டும் ஆர்.சி.யைப் பார்த்து எழுதாமல், வண்டியைப் பார்த்து எழுதி வரவும்.