கோளாறு ஃபயர்வாலில், திட்டு போனுக்கு!

பேளுக்குறிச்சி சந்தையில் மிளகு வாங்கிவிட்டு யுபிஐயில் பணம் அனுப்பப் பார்க்கிறார் ஒருவர். டவர் முழுசா இருக்கு. சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. கூட்டம் சேர்ந்தால் வழியில் உள்ள கருவிகளில் டேட்டா பாக்கெட்டுகள் வரிசை கட்டும். வரிசை நிரம்பினால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். பாக்கெட் தொலைந்தது தெரிந்த பிறகுதான் அனுப்பும் முனை வேகத்தைக் குறைக்கும்.

எறிவதற்குப் பதில் ‘நெரிசல்’ என்று முத்திரை குத்தி அனுப்பலாமே? அதுதான் இசிஎன். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் படித்த கே.கே.ராமகிருஷ்ணன், சாலி ஃப்ளாய்ட், டேவிட் பிளாக் மூவரும் எழுதிய இதன் விதிமுறை 2001 செப்டம்பரில் வெளியானது.

லினக்ஸ் இதைச் சீக்கிரமே சேர்த்துக்கொண்டது. ஆனால் பயன்படுத்தியவர்களுக்குச் சில இணையதளங்கள் திறக்கவே இல்லை. காரணம், வழியில் இருந்த ஃபயர்வால்கள். டிசிபி விதிமுறை 1981இல் எழுதப்பட்டபோதே, எதிர்காலத் தேவைக்கென 6 பிட்களைப் பூஜ்ஜியமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதில் இரண்டை இசிஎன் எடுத்துக்கொண்டது. பூஜ்ஜியம் இல்லையென்றதும் ஃபயர்வால் சந்தேகப்பட்டு இணைப்பையே வெட்டியது. எதிர்காலத்துக்கு ஒதுக்கிய இடத்தில் எதிர்காலம் வந்து நின்றால் குற்றமாம்!

பழி யாருக்கு? “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, அப்டேட் பண்ணதும் போச்சு” என்றுதான் யாரும் சொல்வார்கள். ஃபயர்வால் செய்த கம்பெனியின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. லினக்ஸ் பின்வாங்கியது: எதிர்முனை கேட்டால் இசிஎன் உண்டு, தானாகக் கேட்காது. 2015இல் வந்த லினக்ஸ் 4.1, முதல் முயற்சிக்குப் பதில் வராவிட்டால் இசிஎன் இல்லாமல் மறுபடி முயலும். செலவு, சுமார் ஒரு விநாடி. ஆப்பிளும் ஐஓஎஸ் 9இல் சில இணைப்புகளில் மட்டும் ஆரம்பித்து மெதுவாகத்தான் கூட்டியது.

வழிவிடுவதில் தப்பில்லை, பணம் போயாக வேண்டுமே. சத்தமில்லாமல் வழிவிடுவதுதான் தப்பு. ஓட்டைக் கருவி அப்படியே கிடக்கும். அடுத்த மாற்றமும் அதிலேயே போய் முட்டும். 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3, இப்படிப்பட்ட கருவிகளுக்குப் பயந்து, இணைப்பின் தொடக்கத்தில் தன்னை 1.2 என்றே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

எந்த ஆப் பேட்டரியைத் தின்றது என்று காட்டும் போன், “இந்த நெட்வொர்க் இசிஎன்னை வெட்டுகிறது” என்று செட்டிங்ஸில் ஒரு வரி காட்டினால் என்ன? அந்த ஸ்கிரீன்ஷாட் கையில் இருந்தால், “போனை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்” என்று கஸ்டமர் கேர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.