பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள்

உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்த என் மாணவி ஒருத்தி, தாதியாகப் போகிறேன் என்று கொழும்புக்கு ரயிலேறினாள். கொட்டாஞ்சேனையில் வகுப்பு, வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கல். கட்டணத்துக்காக, கொழுந்து பறிக்கும் அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின.

ஒரு வருடம் கழித்துச் சான்றிதழோடு வந்தாள். அரசாங்க வைத்தியசாலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டாள். இந்தக் காகிதத்தை வைத்து விண்ணப்பிக்கவே முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் புறப்பட்ட நாளில் நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். என்ன பாடநெறி என்று அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று அவள் வெள்ளவத்தையில் ஒரு முதிய அம்மாவைப் பராமரிக்கிறாள். அது கேவலமான வேலையல்ல. பராமரிப்பு வேலைக்கான பயிற்சியைத் தாதிப் பயிற்சி என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் அநியாயம்.

தோழர்களே, விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். அரசாங்கத் தாதியர் கல்லூரியில் பயிற்சி மூன்று வருடம். அங்கே நாம் பணம் கட்டுவதில்லை, அரசாங்கமே நமக்குப் பயிற்சிக் கொடுப்பனவு தருகிறது. வர்த்தமானியில் அறிவித்தல் வரும். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். தாதியாகப் பதிவு செய்வது இலங்கைத் தாதியர் பேரவை. தொழிற்பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. இரண்டும் வேறு வேறு. ஆணைக்குழுவில் பதிந்த நிலையம் என்பதால் அங்கே படித்தவர் தாதியாகிவிட மாட்டார்.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாடநெறியை முடித்தால் தாதியர் பேரவை என்னைப் பதியுமா? சான்றிதழ் தேசிய தொழிற் தகைமையில் எத்தனையாவது மட்டம்? வார்டுப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் தோட்டைக் கழற்றாதீர்கள்.

ஆனால் பிள்ளைகளை எச்சரிப்பதோடு நம் கடமை முடியாது. அவள் ஏன் கலைப்பிரிவில் படித்தாள்? எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் இல்லை. பிரிவு இருக்கும் தோட்டப் பாடசாலைகள் சொற்பம், அங்கும் ஆசிரியர் பற்றாக்குறை. பதினாறு வயதிலேயே மூடிய கதவை, பத்தொன்பது வயதில் காசு கொடுத்துத் திறக்கப் பார்க்கிறோம்.

இது நம் நோயாளிகளின் பிரச்சினையும்கூட. தமிழ் 1987 முதல் அரச கரும மொழி. ஆனாலும் மலையக வார்டுகளில் நம் தாய்மார் வலி எங்கே என்று கையைக் காட்டித்தான் சொல்கிறார்கள். அந்தக் கட்டிலருகே நம் பிள்ளை ஒருத்தி நிற்க வேண்டாமா?

2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் கிடைக்கும் வரை எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு இப்படிப் போவதைச் சங்கம் பார்த்துக்கொண்டிருக்கலாமா? தாதியர் பயிற்சி வர்த்தமானி வந்ததும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் வாசிக்கப்பட வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் கோரிக்கை, சம்பளக் கோரிக்கையோடு ஒரே மகஜரில் போக வேண்டும்.

அடுத்த தலைவர் கூட்டத்தில் இதை நான் பிரேரிப்பேன். வழிமொழிய உங்கள் தோட்டத்திலிருந்து ஒருவர் வாருங்கள்.